ஏழாம் நம்பர் வீட்டுக்கு ஒன்பது மார்க்

ராஜபாளையத்தில் அந்தத் தெருவுக்குக் குடிவந்த மூன்றாவது வாரம் இம்மானுவேல் ஒரு தப்புச் செய்தான். ஏழாம் நம்பர் வீட்டுக் கண்ணுச்சாமியிடம் போய், "அண்ணாச்சி, சிற்றலை ரேடியோ ஒண்ணு வாங்கணும். புதுசாப் பழகுறவனுக்கு, விலை குறைச்சலா எது தோதுப்படும்?" என்று கேட்டுவிட்டான்.

கண்ணுச்சாமிக்கு வேறென்ன வேண்டும்? மாடியில் பத்துத் தையல் மிஷின் போட்டு, நைட்டி தைத்துத் தளவாய்புரத்துக்கு அனுப்புகிறவர் அவர். ஆனால் யாரிடமும் தன்னை 'முன்னாள் வானொலி நேயர் மன்றத் தலைவர்' என்றுதான் சொல்லிக்கொள்வார். வெளிநாட்டு நிலையங்கள் நன்றி தெரிவித்து அனுப்பிய அட்டைகள் இருநூற்றுப் பன்னிரண்டு, முன்னறைச் சுவரில் தொங்குகின்றன. சம்பந்தி வீட்டார்கூட அவற்றைப் பார்த்து முடித்த பிறகுதான் பெண்ணைப் பார்க்க முடிந்தது.

"மூவாயிரத்துக்குள்ள வாங்குங்க தம்பி, போதும்," என்று ஆரம்பித்தார். "முள்ளு நகர்ற செட்டு வேண்டாம், எந்த இடத்துல நிக்கோம்னே தெரியாது. நம்பர் காட்டுற செட்டா வாங்குங்க. பெட்டியில பத்து பேண்டு, பன்னெண்டு பேண்டுன்னு போட்டிருப்பான், நம்பாதிய. வெளிய இருந்து ஏரியல் ஒயரைச் சொருக ஒரு ஓட்டை இருக்கான்னு பாருங்க. பேட்டரியில பாடணும். சார்ஜரைச் சொருகிட்டுக் கேட்டா ஸ்டேசன் வராது, கொரகொரப்புதான் வரும். அப்புறம் ஒரு நோட்டு. நோட்டு இல்லாதவன் நேயரே இல்ல."

பாடம் ஒன்றரை மணி நேரம் நடந்தது. அதில் பாதி மறுநாள் கண்ணுச்சாமிக்கே நினைவில்லை. இம்மானுவேல் மட்டும் நல்ல பிள்ளையாக எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போனான்.

ரேடியோ வந்தது. வந்த நாலாம் நாள் முதல் அவன் போக்கே சரியில்லை என்று முதலில் கண்டுபிடித்தது, இட்லி மாவு விற்கும் மாரிச்செல்வி. மாவு வாங்க வருகிறவர்களுக்கு மாவோடு சேர்த்துச் சேதியும் கொடுப்பாள். மாவுக்குத்தான் காசு.

"மில்லுல நைட் ஷிஃப்டுன்னு சொல்லுதான்," என்றாள் கண்ணுச்சாமியிடம். "ராத்திரி ராத்திரி என்ன வேலையோ, யாரு கண்டா? பகல்ல ரேடியோவைக் கையில பிடிச்சுக்கிட்டு ஒவ்வொரு வீட்டு வாசலா நிக்கான். நோட்டுல எழுதுதான். பொறவு அடுத்த வீடு."

"பாட்டுக் கேப்பான்."

"உங்க வீட்டு முன்னாடி மட்டும் அம்புட்டு நேரமா கேப்பான்? நேத்து எங்கிட்ட என்ன கேட்டான் தெரியுமா மாமா? ஏழாம் நம்பர் மாடியில மத்தியானம் ஒண்ணரையில இருந்து ரெண்டு வரைக்கும் ஆள் இருக்காதோன்னான்."

கண்ணுச்சாமி உள்ளே போய்ப் பீரோக் கைப்பிடியை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். அடுத்த மாதம் மகள் மாரீஸ்வரிக்குக் கல்யாணம். ஸ்ரீவில்லிபுத்தூரில் எடுத்த நாற்பது பவுன் நகை கீழே பீரோவில் இருக்கிறது. தையல்காரப் பெண்கள் சாப்பாட்டுக்கு இறங்குவதும் சரியாக அந்த அரைமணி நேரம்தான். அன்றிலிருந்து பீரோவுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். குளிக்கப் போனால் மகள் காவல், மகள் கடைக்குப் போனால் பூட்டுக்கு மேல் பூட்டு.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு மாரிச்செல்வி ஓடிவந்தாள். "சிக்கிட்டான் மாமா, வாங்க."

ஏழாம் நம்பர் பக்கவாட்டுச் சுவரோடு சுவராக ரேடியோவை அணைத்துப் பிடித்து, கண்ணை மூடி நின்றிருந்தான் இம்மானுவேல். அவன் கண்ணைத் திறந்தபோது சுற்றிலும் எட்டுப் பேர் இருந்தார்கள். நோட்டைப் பிடுங்கி மாரிச்செல்வி வாசித்தாள்.

"ஒண்ணாம் நம்பர், ரெண்டு. மூணாம் நம்பர், மூணு. நாலு... எம் வீட்டுக்கு வெறும் ஒண்ணுதானா?" அவள் முகம் சுருங்கியது. "ஏழாம் நம்பர், ஒன்பது. அடியில ரெண்டு கோடு வேற."

"நாப்பது பவுன்லா, ஒன்பது மார்க் போடத்தான் செய்வான்," என்றார் கண்ணுச்சாமி. "ஏலே, வீடு வீடாத் தரம் பிரிச்சா வச்சிருக்க? இரு." அந்த இடத்திலேயே போலீசுக்குப் போன் போட்டார். திருட்டுக் கேஸ், கையும் களவுமாகப் பிடித்து வைத்திருக்கிறோம், சீக்கிரம் வாருங்கள் என்று விலாசத்தை இரண்டு தடவை சொன்னார்.

இம்மானுவேல் திருதிருவென்று விழித்தான். "அண்ணாச்சி, நீங்க சொல்லிக் குடுத்ததுதான? பேட்டரியில போட்டும் கொரகொரன்னா, செட்டைத் தூக்கிட்டுத் தெருவுல நட, சத்தம் கூடுற இடத்துல எங்கயோ ஒயர் லூசாப் பொரியுதுன்னு அர்த்தம், பத்துக்கு மார்க் போட்டுக் குறின்னிய. உங்க வீட்டுலதான் உச்சம். மத்தியானம் அரைமணி நேரம் மட்டும் சத்தம் சுத்தமா நிக்கி."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். மாரிச்செல்விக்கு ஏமாற்றமாக இருந்தது.

"கல்யாண வீடு, தீப்பிடிச்சிரக் கூடாதுல்லா," என்றான் அவன். "அதான் காலையிலயே ஈபி ஆபீஸ்ல எழுதிக் குடுத்துட்டு வந்தேன். அந்தா வாராங்க."

வயர்மேன் சுவரில் ஏணியைச் சாய்த்தார். கண்ணுச்சாமி ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டு, "வெயில்ல வந்திருக்கிய, முதல்ல ஒரு காப்பி சாப்பிடுங்க. இதெல்லாம் பொறவு பாத்துக்கிடலாம்," என்றார். வயர்மேனுக்குக் காப்பிப் பழக்கம் இல்லை. ஏறி, ஒயரைக் கையால் தொடர்ந்துகொண்டே போனார். கண்ணுச்சாமி வரச்சொன்ன போலீஸ் ஜீப்பும் அந்த நேரம் பார்த்து வந்து நின்றது.

மாடியில் ஓடிய பத்துத் தையல் மிஷினுக்கும் கரண்ட், மீட்டர் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காமல், தெருக் கம்பத்திலிருந்து நேராக வந்துகொண்டிருந்தது.