எழுத்து அழிந்த வால்வுகள்

மலேசியாவில் பத்து பாகாட் என்ற ஊரின் மத்தியான வெயில் ஜன்னல் கம்பி வழியாகச் சாப்பாட்டு மேசையில் கட்டம் போட்டிருக்கிறது. மூடி கழற்றிய பிரீஆம்ப்பிலிருந்து, பாட்டுக் கேட்கும் ஒலிபெருக்கிப் பெட்டியிலிருந்து, ஈய வாசனை இன்னும் போகவில்லை. காலையில்தான் கமலநாதன் அதில் இரண்டு கெப்பாசிட்டர்களை மாற்றிப் பற்றவைத்தான். விரித்த செய்தித்தாளின் இடப்பக்கம் பழைய ரேடியோவில் இருப்பது போன்ற இரண்டு கண்ணாடி வால்வுகள், வலப்பக்கம் இரண்டு. ஒரு ஜோடி அவனுடையது. மற்றது, போட்டுக் கேட்டுப் பார் என்று உலகப்பன் அண்ணன் இரவல் கொடுத்தது. எது யாருடையது என்பதுதான் தெரியவில்லை. விரல் பிசுக்கு ஆகாதென்று ஈரத்துணியால் துடைத்ததில் கண்ணாடி மேலிருந்த கம்பெனிப் பெயரின் வெள்ளை எழுத்தும் சேர்ந்து போய்விட்டது. மாற்றி மாற்றிச் செருகி ஒரே நாதஸ்வர இசைத்தட்டை ஏழு தடவை கேட்டாயிற்று; எந்த ஜோடியைப் போட்டாலும் அதுதான் நன்றாக இருக்கிறது. வாசலில் கார் வந்து நிற்கிறது. உலகப்பன் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "என்னா தம்பி, நம்ம வால்வு எப்படி?" என்கிறார். "நல்லா இருக்குண்ணே. ஆனா தொடைச்சதுல எழுத்து அழிஞ்சிருச்சு." "அலமாக், அடடா! பரவால்ல லா, இருபது வருசமா வச்சிருக்கேன், எனக்குத் தெரியாதா?" ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்து, நகத்தால் தட்டி, காதருகே வைக்கிறார். கொஞ்சமும் தயங்காமல் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று எடுத்துக் கைக்குட்டையில் சுருட்டிக்கொள்கிறார். "இதான் நம்மது." கமலநாதன் செய்தித்தாளைப் பார்க்கிறான்; ஜோடிக்கு ஒன்றாகப் பக்கத்துக்கு ஒன்று மிச்சம். துடைக்கும்போதே பக்கம் மாறியிருக்குமோ? கார் போனபின், மிச்சமிருக்கும் இரண்டையும் செருகுகிறான். வால்வுக்குள் கம்பி மெல்லச் சிவக்கிறது. எட்டாவது தடவையாக நாதஸ்வரம் கிளம்புகிறது. இத்தனை நேரம் கேட்டதிலேயே இதுதான் நன்றாக இருக்கிறது.