டீச்சரின் நம்பர்

“ஒரு வேளை மாத்திரையைக்கூட விடலை டாக்டர். அப்புறம் எப்படித் திரும்பத் திரும்ப வருது?” அம்மா அழாத குறையாகக் கேட்டாள்.

மூன்றாவது முறையாகச் சிறுநீரில் கிருமித் தொற்று. இப்படியே போனால் சிறுநீரகத்திலேயே கைவைத்துவிடும் என்ற கவலை டாக்டருக்கு. பரிசோதனை முடிவை மேசைமேல் வைத்துவிட்டு, காலை ஆட்டியபடி உட்கார்ந்திருந்த சிறுமியின் பக்கம் திரும்பினார்.

“ஸ்கூல்ல ஒன்னுக்கு வந்தா என்ன கண்ணு பண்ணுவே?”

“அடக்கிக்குவேன். பாடம் நடக்கறப்போ டீச்சர் விட மாட்டாங்க.”

“கேட்டுப் பாத்தியா?”

“ஒருத்தரை விட்டா கிளாஸ் மொத்தமும் வரிசைகட்டும்னு சொல்வாங்க. தண்ணி குடிச்சாத்தானே வரும்? அதான், நான் குடிக்கறதே இல்ல.”

டாக்டருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “நல்லா இருக்கே கதை! குழந்தையைவிட அந்த மகராணிக்குப் பாடம் பெருசாப் போச்சா? நம்பரைக் குடுங்கம்மா, நானே நாலு வார்த்தை கேக்கறேன்.”

அம்மா கைப்பையை மடிமேல் இழுத்துக்கொண்டாள். “வேண்டாம் டாக்டர், நானே...”

“எனக்குத் தெரியுமே!” சிறுமி எண்களைக் கடகடவென்று ஒப்பித்தாள். டாக்டர் தன் செல்போனில் அழுத்தினார்.

அம்மாவின் கைப்பைக்குள் மணி அடித்தது.

“சொந்தப் பொண்ணுக்கு மட்டும் சலுகைன்னு யாரும் சொல்லிடக் கூடாதேன்னுதான்...” அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

டாக்டர் இன்னொரு சிறுநீர்ப் பரிசோதனைக்கான டப்பாவைச் சிறுமியிடம் நீட்டினார். அதை வாங்கிக்கொண்டவள், பழக்கதோஷத்தில் அம்மாவைப் பார்த்து விரலை உயர்த்தினாள்.

“டீச்சர், போகலாமா?”

“ஓடு கண்ணு. இனிமே கேக்கவே வேண்டாம்” என்றாள் அம்மா.