முஷ்டியை மடக்கு

"முஷ்டியை மடக்கு" என்றார் நர்ஸ்.

அவன் மடக்கவில்லை. வலது கையை மேசைமேல் விரித்தபடியே வைத்திருந்தான். நடுவிரல் முட்டியின்மேல் ஒரு வெட்டு. நகத்தளவுகூட இல்லை.

கழுவும்போது கண்ணாடித் தம்ளர் உடைந்து கிழித்துவிட்டது என்று சொல்லியிருந்தான். காயம் கட்டும் அறையில் இவரிடம்தான் காட்டுவேன் என்று வாசலில் அடம்பிடித்து வந்தவன். இவர் கட்டினால் வலிக்காது. அதிகம் கேட்கவும் மாட்டார் என்று நினைத்திருக்கலாம்.

இந்த மாதம்தான் வேலைக்குச் சேர்ந்த டாக்டர், தையல் ஊசியின் உறையைப் பிரித்துவிட்டார். இரண்டு தையல், ஐந்து நிமிட வேலை. வெளியே வரிசை படிக்கட்டுவரை நின்றது.

"தைக்க வேண்டாம் டாக்டர். ஒரு நிமிஷம்."

முப்பத்தோரு வருடமாக அந்த அறையில் இருப்பவர். அவர் ஒரு நிமிஷம் என்றால் தலைநரைத்த டாக்டர்களே கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். இந்தச் சின்னவரும் நின்றார்.

நர்ஸ் இரண்டாம் முறை சொல்லவில்லை. அவன் விரல்களைத் தாமே ஒவ்வொன்றாக மடக்கினார்.

விரிந்த கையில் கீறலாக இருந்தது, மடங்கியதும் வாயைப் பிளந்தது. தோலில் ஒரு வெட்டு. அதற்கு நேர் கீழே தசைநாணில் இன்னொன்று. அதற்கும் கீழே மூட்டின் வெள்ளை.

விரித்த கையில் விழுந்த வெட்டு அல்ல அது. இறுக மடக்கிய கை எதன்மீதோ போய் மோதியிருக்கிறது.

உப்புநீரைப் பீய்ச்சிக் கழுவினார். மூன்றாம் முறை ஏதோ ஒன்று கிண்ணத்தில் வந்து விழுந்தது. அரை அரிசியளவு. இடுக்கியால் எடுத்து விளக்கின் கீழ்ப் பிடித்தார். ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் சொரசொரப்பு. கண்ணாடியாக இருந்தால் மின்னியிருக்கும்.

டாக்டரும் குனிந்து அந்தப் பல் துணுக்கைப் பார்த்தார். பிரித்த ஊசியைக் குப்பையில் போட்டார்.

பல் பட்ட காயத்தை மூடித் தைத்தால் உள்ளுக்குள்ளேயே சீழ் பிடிக்கும். விரலே போனாலும் போகும். திறந்தபடி விட்டு, ரத்தத்தில் மருந்து ஏற்றி, விரல் மூட்டை அறுவை அரங்கில் சுத்தம் செய்ய வேண்டும். அறுவைக்கு முன் செய்ய வேண்டியதை எல்லாம் நர்ஸ் முறைப்படி செய்தார். கை அசையாமலிருக்கப் பட்டை வைத்துக் கட்டினார். கம்பியில் தூக்கிக் கட்டினார். நரம்பில் ஊசி ஏற்றினார். ஒரு துளி அதிகமாகவும் வலிக்கவிடவில்லை.

"அம்மா, வலிக்குது."

"வலிக்கும். ரெண்டு மணி நேரம் அசையாம படு."

பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவன் தலைமாட்டில் உட்கார்ந்தார்.

"அவ எங்க?"

"யாரு?"

நர்ஸ் அவன் முகத்தைப் பார்த்தார். காத்திருந்தார். காத்திருப்பது அவருக்குக் கைவந்த வேலை. கூட வந்த ஆளை மருந்துச் சீட்டோடு வெளியே அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தி, இதே ஸ்டூலில் உட்கார்ந்து எத்தனையோ பெண்களிடம் கேட்டிருக்கிறார். வீங்கிய உதடு, பெயர்ந்த தாடை, கழுத்தில் விரல் பதிந்த தடம். மாடிப்படி என்பார்கள், கதவு நிலை என்பார்கள். அவசரப்படாமல் இருந்தால் பாதிப் பேர் பிறகு உள்ளதைச் சொல்வார்கள்.

இதுவரை அந்த அறைக்கு அடி வாங்கிய வாய்கள்தான் வந்திருக்கின்றன. அடித்த கை வந்தது இதுதான் முதல் தடவை.

"வீட்டுலதான்" என்றான் அவன், சுவரைப் பார்த்து. "வெளியில பூட்டிட்டு வந்தேன்."

நர்ஸ் எழுந்தார். அந்தத் துணுக்கைச் சிறு குப்பியில் போட்டு, தேதி, நேரம், எந்த விரல் என்று எழுதி ஒட்டினார். டாக்டர் கேட்காமலேயே கையெழுத்துப் போட்டார்.

மூன்றாம் மாடியில் பெண்கள் உதவி அறையைப் பார்த்துக்கொள்ளும் ஆலோசகர், போன் செய்த ஐந்தாவது நிமிடம் கீழே வந்துவிட்டார். வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது. நர்ஸ் அவரைத் தாழ்வாரத்தில் நிறுத்திச் சொல்ல வேண்டியதை மளமளவென்று சொன்னார்.

"ரத்தம் நிக்கலேன்னா சுத்தமான துணியைச் சுருட்டிக் கடிச்சுக்கச் சொல்லுங்க. பல்லு முழுசா விழுந்திருந்தா பால்ல போட்டு எடுத்துட்டு வாங்க. தனியா வச்சுப் பேசுங்க. இங்க வரேன்னா கூட்டிட்டு வாங்க. வேற எங்க போறேன்னாலும் கொண்டுபோய் விடுங்க. போலீசுக்கு எழுதலாமான்னு அவதான் சொல்லணும்."

"பூட்டை உடைக்க ஆள் கூட்டிட்டுப் போகணுமே."

நர்ஸ் தன் அலமாரியைத் திறந்து, கைப்பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து நீட்டினார்.

"வேணாம். இது எங்கிட்ட இருக்கிற சாவி."

ஆலோசகர் சாவியைப் பார்த்தார். பிறகு கதவிடுக்கு வழியாகக் கட்டிலைப் பார்த்தார்.

"போன மாசம் பாத்ரூம்ல வழுக்கிட்டேன்னா. நம்பிட்டேன். ஊரெல்லாம் விசாரிச்ச எனக்கு அங்க கேக்கத் தோணல." நர்ஸ் அலமாரியைப் பூட்டினார். "என்னை வச்சுக்கிட்டு அவ வாய் திறக்க மாட்டா. அவ வந்தா நான் அந்தப் பக்கமே வரல. நீங்களே எழுதிக்குங்க."

ஆலோசகர் சாவியை வாங்கிக்கொண்டு நாலடி போயிருப்பார்.

"ஒண்ணு மறந்துட்டேன்" என்று நர்ஸ் கூப்பிட்டார். "சாவி திரும்புற சத்தம் கேட்டா அவன்னு நினைச்சு நடுங்கிடுவா. முதல்ல தட்டுங்க. அத்தை அனுப்பினாங்கன்னு வெளியில நின்னே சொல்லுங்க."