புடவைக்கு அடியில்

மொட்டைமாடியிலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டபின், சக்கர நாற்காலியிலேயே இருந்து பரிமளத்தின் முதுகு ஒரு பக்கமாக வளைந்துபோயிருந்தது. டெய்லர் ஹபீபா வீட்டுக்கே வந்து, வலிக்கிறது என்றால் நிறுத்தி நிறுத்தி, இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாக அளவெடுப்பாள். அந்த ஜாக்கெட்டுகளைப் பரிமளம் புடவைக்கு அடியில்தான் காயப்போடுவாள். அன்று காற்றில் புடவை விலகிவிட்டது.

“ஒரு பக்கம் ரெண்டு இஞ்ச் தூக்கியிருக்கே, யாரு தச்சது?” என்றாள் எதிர்வீட்டுக்குப் புதிதாக வந்தவள்.

பரிமளம் முந்தானையால் தோளை மூடிக்கொண்டாள். “ஹபீபாதான். அவளுக்கு அளவெடுக்கவே தெரியல.”

மறுவாரம் ஹபீபா டேப்போடு வந்தாள். “எதிர்வீட்டம்மா குடுத்த துணியெல்லாம் திருப்பி வாங்கிட்டாங்கக்கா. என்ன தப்பு பண்ணேன்னே தெரியல. குனிங்க, வலிச்சா சொல்லுங்க.”

அன்று பரிமளம் ஒருமுறைகூட நிறுத்தச் சொல்லவில்லை.