பார்த்து முடிக்காத வழி

ஐந்து மணிக்குள் பிழையைக் கண்டுபிடிக்காவிட்டால் நாளைக் காலை மென்பொருள் வெளியீடு நின்றுவிடும் என்று சோடாபுட்டி சொன்னபோது அவள் தலையை நிமிர்த்தக்கூட இல்லை. காகிதக் கட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். மணி இரண்டரை.

சோடாபுட்டி அவளோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவன். மூக்குக் கண்ணாடியின் தடிமனைப் பார்த்து முதல் வாரமே அவள் சூட்டிய பெயர் இருபது வருடமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. எதையும் திரையில் பார்ப்பது அவளுக்குப் பிடிக்காது என்று தெரிந்து, கேட்காமலே தாளில் அச்செடுத்து, பென்சிலையும் சீவிக் கொண்டுவந்திருந்தான்.

கணினியின் உயிர்நாடி கெர்னல். அதற்குள் ஓட வரும் எந்த நிரலையும், ஓடுவதற்கு முன்பே அவள் எழுதிய சரிபார்ப்பான் ஒவ்வொரு வழியாக நடந்து பார்த்துவிடும். எங்காவது முடிவில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும் என்று தெரிந்தால், வாசலிலேயே கழுத்தைப் பிடித்துத் தள்ளும். உள்ளே விட்டால் மொத்த இயந்திரமும் அப்படியே உறைந்துபோகும். இப்போது ஒரு நிரல் அதன் கண்ணிலேயே மண்ணைத் தூவிவிட்டு உள்ளே போயிருக்கிறது.

நான்காம் பக்கத்தைப் புரட்டியவளுக்குச் சுருக்கென்றது. அதன் ஓரம் எழுதி எழுதி அழித்ததில் தேய்ந்து, விரல் பட்டால் கிழிந்துவிடும்போல இருந்தது.

"இதை எத்தனை பேர்கிட்ட காட்டின?"

"யாராலயும் முடியல," என்றான் அவன், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.

பதினாறு வருடம் பெற்ற பிள்ளையைப்போல வளர்த்த சரிபார்ப்பான். ஊரெல்லாம் காட்டிவிட்டுக் கடைசியாகத்தான் இவளிடம் வருகிறார்கள். கொஞ்ச நாளாகவே இப்படித்தான். கூட்டங்களுக்குக் கூப்பிடுவதில்லை. வழியில் எதிர்ப்பட்டால் எல்லாரும் ரொம்ப அன்பாகச் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

வீட்டிலும் அதே கதைதான். ஒரு காலத்தில் கணவர் வாய் ஓயாமல் பேசுவார், அவள் வேலையை வைத்தே அவளைக் கேலி செய்வார். இப்போது எதைக் கேட்டாலும் ஒற்றைச் சொல்லில் பதில். இன்று காலை குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அவர் அழுதது அவளுக்குக் கேட்டது. வெளியே வந்தவரிடம் என்னவென்று கேட்டதற்கு, கண்ணில் சோப்பு பட்டுவிட்டது என்றார்.

இத்தனை வருடம் கூட வாழ்ந்தவளிடம் சொல்ல முடியாத துக்கம் என்னவாக இருக்கும்? அவருக்குத் தன்னை அலுத்துப்போய்விட்டது என்பதைத் தவிர அவளுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. நினைக்க நினைக்க நெஞ்சு கனத்தது.

இதை மட்டும் கண்டுபிடித்துவிட்டால் சாயங்காலம் அவரிடம் சொல்ல ஒரு விஷயம் இருக்கும். அந்த முகம் ஒரே ஒரு தடவை பழையபடி மலர்ந்தால் போதும்.

மூன்றரை ஆகியும் ஒன்றும் பிடிபடவில்லை. தான் எழுதிய வரிகளே யாரோ எழுதியவைபோலத் தெரிந்தன. மூளை மழுங்கிவிட்டதோ என்று பயம் வந்தது. ஆறிப்போன காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்கினாள். சோடாபுட்டி எதிர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

நாலேகாலுக்குப் பென்சில் ஓரிடத்தில் நின்றது.

"இங்க பாரு. ஒரு இடத்துக்குத் திரும்பி வர்றப்ப எல்லாமே முன்ன இருந்த மாதிரியே இருக்குன்னு வை. அந்த வழியை ஏற்கெனவே கடைசி வரைக்கும் பார்த்து முடிச்சிருந்தா, மறுபடி பார்க்க வேண்டாம், விட்டுடலாம். முடிக்காம நடுவுலயே திரும்பி வந்திருந்தா, அது முடியவே முடியாத சுத்து. நம்ம சரிபார்ப்பான் ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சுட்டான். பார்த்து முடிக்காத வழியைப் பார்த்தாச்சுன்னு விட்டுட்டான்."

அவன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அந்த வரிமேல் குனிந்தான். அவள் விடவில்லை.

"எங்க வீட்டுக்காரர் வீடு கூட்டற அழகுதான். துடைப்பத்தை எடுத்தாலே கூட்டி முடிச்ச மாதிரி."

சோடாபுட்டி சிரித்தான். தனக்கு இது தோன்றவே இல்லையே என்று தலையைச் சொறிந்தான். உனக்கு எப்போதுதான் எது தோன்றியிருக்கிறது என்று அவள் அவன் காலை வாரினாள். எத்தனை நாளாயிற்று இப்படிச் சிரித்து என்று இருந்தது அவளுக்கு. பென்சிலால் ஓரத்தில் திருத்தத்தை எழுதி, போய் முதலில் இதைச் சரிசெய் என்று விரட்டினாள்.

ஐந்து மணிக்கு அழைத்துப்போக வந்த கணவர் கதவருகில் நின்றார். கைப்பையைக்கூட எடுக்காமல், நின்றபடியே எல்லாவற்றையும் அவரிடம் ஒப்பித்தாள், துடைப்பம் உட்பட. அவர் ஒரு வார்த்தையும் தவறவிடாமல் கேட்டார். நடுநடுவே "அப்புறம்?" என்றார். முடித்ததும் அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "கெட்டிக்காரிதான் நீ," என்றார். அவள் ஏங்கிக் கிடந்த அந்த முகம் மலர்ந்தது. கூடவே கண்ணும் நிறைந்து வழிந்தது.

"அட, இதுக்குப் போய் யாராவது அழுவாங்களா?" என்று தன் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டாள். காலையிலிருந்து அழுத்திக்கொண்டிருந்த பாரம் இறங்கிவிட்டது. அலுப்பும் இல்லை, ஒன்றும் இல்லை, இந்த மனிதருக்கு இன்னும் தன்மேல் உயிர்தான். சின்னப் பெண்ணைப்போல விறுவிறுவென்று லிஃப்ட் பக்கம் நடந்தாள்.

அவள் காதில் விழாத தூரம் போகும்வரை கணவர் காத்திருந்தார். பிறகு சோடாபுட்டியிடம் தணிந்த குரலில் சொன்னார்:

"நாளைக்கும் இதே பிழையையே குடுங்க சார். விடிஞ்சா மறந்துடுவா."