நாளை முதல் குற்றம்

பதினான்கு வயதுக்குள் பெண்ணுக்குக் கல்யாணம் செய்தால் குற்றம் என்ற புதுச் சட்டம் அமலுக்கு வர இன்னும் பதினைந்து மணி நேரம்தான் இருந்தது. அதற்குள் அக்கா மகள் எல்லம்மாவின் கல்யாணத்தை முடித்துவிட, தசரதன் நரைத்த மீசையில் வியர்வை வழியப் பந்தலில் ஓடியாடிக்கொண்டிருந்தார். காலையில்தான் பூந்தமல்லியிலிருந்து வந்திறங்கிய வக்கீல் குமாஸ்தா நாகேந்திரன் சிநேகிதரை விடவில்லை.

"ஒம்போது வயசுக் கொயந்த, மச்சான். இன்னும் அஞ்சு வருசம் பொறுத்தா இன்னா?"

"வெள்ளக்காரன் என் ஊட்டு அடுப்பங்கரை வரைக்கும் வந்துட்டானே!"

"இது நம்மாளு கொண்டாந்த சட்டம்பா."

"அப்ப சொயராச்சியம் வந்தா படுக்கவே உடமாட்டீங்க!"

இருவரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். சிரிப்போடு சிரிப்பாகக் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டுவிடலாம் என்று நாகேந்திரன் இன்னும் நம்பினார்.

"மாப்பிள்ளைப் பையனாண்ட நான் பேசிப் பாக்குறேன். எங்க கீறான்?"

தசரதன் தோரணத்தைச் சரிசெய்யப் போனார்.

மஞ்சள் பூசிய முகத்தோடு, வெல்லக்கட்டியைச் சப்பிக்கொண்டு எல்லம்மா வந்தாள். நாகேந்திரன் குனிந்தார்.

"மாப்பிள்ளை எங்கம்மா?"

அவள் வெல்லத்தை வாயிலிருந்து எடுத்தாள்.

"இத்தினி நேரம் அவராண்டதான பேசிகினு இருந்தீங்க? எங்க மாமாதான் மாப்பிள்ளை."