தொண்ணூறு டிகிரி

மறுபடியும் அதே வயர்தான் கழன்று கிடந்தது. சிவரூபன் டோர்ச்சை வாயில் கவ்விக்கொண்டு கம்ப்யூட்டர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தான். பிராசஸர் மேலிருக்கும் சின்னக் காற்றாடிக்குக் கரண்ட் கொண்டுபோகும் வயர், பிடுங்கி ஓரமாக ஒதுக்கி வைத்தது போல இருந்தது.

எலி என்றால் கடித்திருக்கும். இவ்வளவு பொறுப்பாகக் கழற்றி வைக்காது.

அக்கரப்பத்தனைக் குளிரில் மனிதர்கள் கம்பளிக்குள் சுருண்டு கிடக்கிறார்கள். தேயிலைத் தோட்டத்து லயத்தில், ராசம்மாவின் ஒற்றை அறைக் காம்பராவில் இந்தப் பெட்டி மட்டும் தொண்ணூறு டிகிரியில் கொதித்து, பத்தே நிமிடத்தில் தானாக அணைந்துவிடுகிறது.

அவள் மகன் லோஜன் கத்தாருக்குப் போகுமுன் கொழும்பில் துண்டு துண்டாகச் சாமான் வாங்கி வந்து தானே பூட்டிச் சேர்த்த கம்ப்யூட்டர் அது. அளவு பிழைத்துப்போனதில் பக்கத்து மூடி மட்டும் பொருந்தவில்லை. அன்றிலிருந்து திறந்த பெட்டிதான். ஞாயிறுதோறும் நான்கு மணிக்கு அவன் ஸ்கைப்பில் வருவான். ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்ட இன்டர்நெட் டொங்கிள் அன்றைக்கு மனது வைத்தால் முகமும் தெரியும்.

மொனிட்டர் ஓரத்தில் எப்போதும் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருக்கும். மகன் கூப்பிடும் நேரத்துக்கு ராசம்மா அதை எடுத்து நெற்றியில் வைத்துக்கொள்வாள். பிள்ளை பார்க்கத் தாய்க்கும் ஒரு அலங்காரம் வேண்டியிருக்கிறது என்று சிவரூபன் மனதுக்குள் சிரித்துக்கொள்வான்.

ஹட்டனில் சிவரூபன் வேலைசெய்யும் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்குப் போன் செய்வது லோஜன்தான். இரண்டு வருட ஒப்பந்தம், பாஸ்போர்ட் கம்பெனியின் கையில், நடுவில் வர வழியே இல்லை என்று ஒவ்வொரு முறையும் சொல்வான். போன கிழமை கெஞ்சவே தொடங்கிவிட்டான்.

"அம்மாவோட பேசிட்டு அப்பாவக் கூப்பிடச் சொல்றேன், அந்த நேரம் பாத்து நின்னுருது. போன்ல அவருக்குக் காது கேக்காது. அவரு முகத்தப் பாத்து மூணு மாசமாச்சுண்ணே, எப்புடியாச்சும் சரிபண்ணிக் குடுங்க."

முதல் தடவை வந்தபோது உண்மையிலேயே கோளாறு இருந்தது. அடுப்புப் புகையும் கரியும் சேர்ந்து காற்றாடியை அடைத்திருந்தன. அதைத் துப்புரவாக்கி, பிராசஸரின் சூட்டை வெளியேற்றும் பசை காய்ந்துபோயிருந்ததைச் சுரண்டிப் புதிதாகப் பூசினான். இந்த வயர் கழன்றாலும் இதே கதைதான், சூடேறிப் பத்து நிமிடத்தில் நின்றுவிடும் என்று ராசம்மாவுக்கு விரல் வைத்துக் காட்டிக்கொடுத்ததும் அவனேதான். அதற்குப் பிறகு வந்த இரண்டு முறையும் கழன்ற வயர்தான்.

இன்றைக்கு அவனுக்கு விளங்கிவிட்டது.

அவன் வரும்போதெல்லாம் அவள் ரொட்டி சுட்டு, கட்டச்சம்பல் அரைத்து வைத்திருப்பாள். அவள் புருஷன் மாயாண்டி ஒருநாளும் வீட்டில் இருந்ததில்லை. கேட்டால் கோயிலுக்கு, கடைக்கு என்று ஏதாவது சொல்வாள். மகன் கடல் தாண்டி, புருஷன் எந்நேரமும் வெளியே. மெஷின் பழுதானால்தான் பேச்சுத்துணைக்கு ஒருவன் மலையேறி வருவான் என்று கண்டுபிடித்துவிட்டாள், பாவம்.

அவனுக்குக் கோபம் வரவில்லை. பருத்தித்துறையிலிருந்து வந்து ஹட்டனில் ஓர் அறையில் ஒண்டிக்கட்டையாகக் கிடப்பவனுக்கு, ஞாயிற்றுக்கிழமை என்றால் உடுப்புத் தோய்ப்பதும் மழையைப் பார்ப்பதும்தான். தன்னையும் ஒரு தாய் பொய் சொல்லி வரவழைக்கிறாள் என்பது அவனுக்குப் பிடித்துத்தான் இருந்தது. ரொட்டியும் கிடைக்கிறது, கரும்பு தின்னக் கூலியா?

ஆனாலும் லோஜனின் குரல் காதை விட்டுப் போகவில்லை. வயரைச் செருகி, பிளாஸ்டிக் பட்டியால் இரண்டு இடத்தில் இறுக்கிக் கட்டி, மிஞ்சிய நுனிகளை நறுக்கினான். இனி அதை வெறுங்கையால் கழற்ற முடியாது. இருபது நிமிடம் ஓடவிட்டுப் பார்த்தான். நாற்பத்தெட்டு டிகிரியில் இலக்கம் அசையாமல் நின்றது.

ராசம்மா அவன் முதுகுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவனுக்குக் கொண்டுவந்த தேத்தண்ணி அவள் கையிலேயே ஆறிப்போயிருந்தது.

நான்கு மணிக்கு இன்னும் இரண்டு நிமிடம். அவள் மொனிட்டர் ஓரத்துப் பொட்டை எடுத்து நெற்றியில் ஒட்டிக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தாள்.

"இனி விடியும்மட்டும் கதைக்கலாம் அம்மா, நிக்காது" என்றான் சிவரூபன்.

"அந்த வயரக் கழட்டி விட்டுருங்க தம்பி. பத்து நிமிசம் போதும்."

அவன் சிரித்தான். "பழுதாகாட்டியும் நான் ஞாயிற்றுக்கிழமையில வருவன் அம்மா. இண்டைக்காவது மகன் தகப்பனைப் பாக்கட்டும். ஐயாவைக் கூப்பிடுங்கோ."

ஸ்கைப் மணி அடிக்கத் தொடங்கியது. திரையில் லோஜனின் படம் வந்தது. ராசம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள், பொட்டைச் சரிசெய்தாள், முகத்தில் ஒரு சிரிப்பையும் வரவழைத்துக்கொண்டாள். அந்தச் சிரிப்பு கலையாமல், சிவரூபனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"அவரு செத்து மூணு மாசமாச்சு தம்பி."